ஆய்வுக்கு அனுப்பாத மீன்

ஜூன் 3. என் மனைவி கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் காலமானாள். சான்றிதழில் எழுதப்பட்ட காரணம்: இதயச் செயலிழப்பு.

ஜூன் 4. தகனம். மாலையில் அவளுடைய தங்கை கிள்ளானிலிருந்து பெட்டியுடன் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை தங்குவதாகச் சொன்னாள்.

ஜூன் 5. வீட்டுப் பூனை உணவை மறுத்தது. பெண் பூனை. கருத்தடை செய்யப்பட்டது. வயது ஏறக்குறைய ஒன்பது.

ஜூன் 6. உலர் உணவு, தகர டப்பா உணவு, தயிர்ச்சோறு ஆகிய மூன்றும் வைக்கப்பட்டன. மூன்றும் தொடப்படவில்லை. தண்ணீர் குடித்தது.

ஜூன் 7. கால்நடை மருத்துவர் பார்த்தார். நோய் எதுவும் தென்படவில்லை. இப்படியே உண்ணாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்புப் படிந்து பூனை இறக்கக்கூடும் என்றார்.

மேலே உள்ளவற்றில் பிழை எதுவும் இல்லை. பணிக்காலம் முழுவதும் நான் இப்படித்தான் எழுதினேன். ஒரு தீவன ஆய்வகத்தில் வேதியியலாளனாக இருந்தேன். கண்டதை எழுதுவது, காணாததை ஊகிக்காமல் இருப்பது, கையொப்பமிடுவது ஆகியவைதாம் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆனால் அந்த வாரம் என் வீட்டில் நடந்தது இந்தக் குறிப்புகளுக்குள் அடங்கவில்லை என்பதால்தான் தொடர்ந்து எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு வந்ததெல்லாம் கோழித் தீவனமும் பன்றித் தீவனமும்தான். பிறகு அடுக்குமாடி வீடுகள் பெருகின. வீட்டுக்குள் நாயும் பூனையும் வந்தன. அவற்றுக்கான மூட்டைகளும் தகரங்களும் கடல் கடந்து வந்து கிள்ளான் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. தீவனம் இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அது உள்ளே இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

தகரத்தின் மேல் 'கச்சாப் புரதம்' என்று ஓர் எண் இருக்கும். புரதத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. மாதிரியை அமிலத்தில் கொதிக்கவைத்து, அதில் உள்ள நைட்ரஜனை அளந்து, ஒரு மாறிலியால் பெருக்கிப் புரதம் என்று எழுதுவோம். இறைச்சியிலும் நைட்ரஜன் உண்டு. அரைத்த இறகிலும் உண்டு. எண் ஒன்றாகவே இருக்கும். இதை ஒருமுறை என் மனைவியிடம் விளக்கியபோது அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இறகைத் தின்னாலும் பாஸா?"

"அதற்குத்தான் வேறு சோதனைகள் இருக்கின்றன."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தாள்.

அவளுக்கு மிகவும் பிடித்தது பெயரிடும் விதிதான். பல நாடுகளின் விதிப்படி, தகரத்துக்கு 'டூனா' என்று மீனின் பெயரை மட்டும் வைத்தால் உள்ளே பெரும்பங்கு டூனா இருக்க வேண்டும். 'டூனாவுடன்' என்றால் நூற்றில் மூன்று பங்கு போதும். 'டூனா சுவை' என்றால் அளவே கிடையாது. சுவை தெரிந்தால் போதும். இதைக் கேட்டு அவள் நெடுநேரம் சிரித்தாள். அதன் பிறகு நான் வீட்டில் எந்த வேலையும் செய்யாமல் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தால், கூடத்தைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்த்து, "புருஷன் சுவை" என்பாள்.

நாங்கள் இருவரும் பிறந்ததிலிருந்தே சைவம். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அந்த வீட்டில்தான் அவள் மீன் சமைத்தாள். மழை நாளொன்றில் மாடிப்படியில் ஒதுங்கிய குட்டியை அவள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். முதல் சில நாள் அதற்குப் பாலும் தயிர்ச்சோறும் கிடைத்தன. பூனையின் உடல் டாரின் என்னும் பொருளைத் தேவையான அளவுக்குத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, அது இறைச்சியிலும் மீனிலும்தான் உள்ளது, அது இல்லாவிட்டால் பூனையின் கண் கெடும், இதயத் தசை தளரும் என்று நான் சொன்னேன். என் துறை கண்டுபிடித்த உருப்படியான செய்திகளுள் அதுவும் ஒன்று. மறுநாள் காலை பால்கனியில் ஒற்றை கேஸ் அடுப்பு ஒன்று வந்திருந்தது. அதற்கென ஓர் அலுமினியச் சட்டி, ஒரு கரண்டி, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். எங்கள் வீட்டில் சிவப்பு மூடி என்றால் மீன் என்று அர்த்தம். அதற்குமேல் விவரச்சீட்டு எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

பாசார் சந்தையில் மீன்காரர் அவளைக் கிண்டல் செய்வாராம். "ஆன்டி, பூனைக்கா, அங்கிளுக்கா? உண்மையச் சொல்லுங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கெம்போங் என்னும் கானாங்கெளுத்தி மீன் வாங்கி வருவாள். பால்கனியில் நின்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேகவைப்பாள். முள்ளை விரலால் எடுப்பாள். கொஞ்சம் சோறு, பூசணி, இன்னும் ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் கையாலேயே பிசைவாள். பிறகு குளித்துவிட்டுத்தான் சாமி விளக்கேற்றுவாள். சிறு வயதிலிருந்து மீன் கடை இருக்கும் பக்கம் போகாதவள், ஒன்பது ஆண்டுகள் இதைச் செய்தாள்.

பூனையை அவள் மரியாதையாகத்தான் அழைப்பாள். "சாப்பிட வாங்க." அது வரும். அவளுடைய விரல்களை முகர்ந்துவிட்டுத் தட்டுக்குப் போகும்.

"கூடப் பொறந்த எனக்கு வாடி போடி. இதுக்கு வாங்க போங்களா?" என்று அவளுடைய தங்கை ஒருமுறை கேட்டாள்.

"நீ சொன்னா வர்றியா? இவங்க வர்றாங்க."

அந்த உணவு பூனைக்குப் போதுமானதுதானா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. ஓர் உணவைத் தகரத்தின் மேல் 'முழுமையானது' என்று எழுத இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அதன் சத்துகள் ஒவ்வொன்றும் வரையறுத்த அளவுக்குக் குறையாமல் இருப்பதாகக் காட்டுவது. மற்றொன்று, அதை மட்டுமே உயிருள்ள பூனைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது. வளர்ந்த பூனைகளுக்கான உணவென்றால் எட்டுப் பூனைகள், இருபத்தாறு வாரங்கள். இறுதியில் எடை, இரத்தம், இரத்தத்தில் டாரின் அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இரண்டு வழிகளிலும் வராதது 'துணை உணவு'. அதை மட்டும் நம்பி ஒரு பூனை வாழக் கூடாது.

"ஒரு டப்பா கொடு. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கிறேன்" என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"உங்க லேப்ல பூனை இருக்கா?"

"இல்லை."

"அப்ப யாரு சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுவா?"

பேச்சு அங்கே முடிந்துவிடும். ஓய்வுக்குப் பிறகும், பழைய சகாக்கள் ஆய்வகத்தில் இருக்கும்போதே ஒரு மாதிரி அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவசரம் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. மார்ச் மாதத்தில் அவளுக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. இதயத் தசை தளர்ந்திருக்கிறது என்றார்கள். காரணம் கேட்டேன். வயது என்றார்கள். பூனைக்குத் தளர்ந்தால் காரணத்தின் பெயரை என்னால் எழுத முடியும். தகரத்தின் மேல் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிடவும் சொல்ல முடியும்.

அவள் போன மறுநாளே அவளுடைய தங்கை பால்கனி அடுப்பை நாளிதழில் சுற்றி ஸ்டோர் அறையில் வைத்துவிட்டாள். கூடத்தில் என் மனைவியின் படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பதினாறு முடியற வரைக்கும் இந்த வீட்டுல மீன் வாசம் வரக்கூடாது அத்தான். அக்கா இங்கதான் இருப்பா."

"பூனை சாப்பிட வேண்டுமே அம்மா."

"தயிர்ச்சோறு வைக்கிறேன். பசிச்சா தின்னும்."

பசி அதைத் தின்ன வைக்கவில்லை. அது பால்கனியில், அடுப்பு இருந்த இடத்தில், தரையில் பதிந்திருந்த அடுப்புக் கால்களின் நான்கு தடங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டால் காதை மட்டும் திருப்பும்.

கீழே தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு தகரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இதை எடுங்க அங்கிள். இது எல்லாப் பூனையும் சாப்பிடும்லா." நான் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன். மிகச் சிறிய எழுத்தில் 'துணை உணவு' என்று இருந்தது. திருப்பி வைத்தேன். 'முழுமையானது' என்று எழுதியிருந்த மூன்று வகைகளை எடுத்தேன். ஒன்றில் உணவூட்டல் சோதனை நடந்ததாகவும் இருந்தது. அதைத்தான் நம்பினேன். "அங்கிள், நீங்க படிச்சு என்ன, பூனைல்ல படிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் பையில் போட்டார்.

பூனை மூன்றையும் முகர்ந்தது. மூன்றுக்கும் பக்கத்தில் தரையைச் சுரண்டியது, மண் போட்டு மூடுவதைப் போல.

பிறகுதான் மருத்துவரிடம் போனோம். இளம் பெண், எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தொலைவில் கிளினிக் வைத்திருக்கிறார். பூனையைக் கூடையிலிருந்து எடுத்து, பல், வயிறு, இதயம் எல்லாம் பார்த்தார். நான் என்னென்ன வைத்தேன் என்பதை விவரமாகச் சொன்னேன். பகுப்பாய்வு எண்களையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அங்கிள், நியூட்ரிஷன் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அது சாப்பிடணும். எதுன்னாலும் சரி. வீட்டுல யாரு அதுக்குச் சாப்பாடு போடுவாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் கொழுந்தியாள் சொன்னாள். "எங்க அக்கா. புதன்கிழமைதான் எரிச்சோம்."

மருத்துவர் சற்று நேரம் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் கூழுணவை வாயோரம் செலுத்தக் கற்றுக்கொடுத்தார். திங்கள் வரை பாருங்கள், பிறகு குழாய் போட வேண்டியிருக்கும் என்றார்.

வீட்டில் இருவரும் முயன்றோம். அவள் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் செலுத்தினேன். பாதி என் சட்டையில் வழிந்தது. மீதியைப் பூனை கட்டிலுக்கு அடியில் போய் வாந்தி எடுத்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சோதனை விதிகளில் ஒன்று நினைவுக்கு வந்தது. உணவூட்டல் சோதனையின் தொடக்க வாரங்களில் ஏதாவது பூனை உண்ணவே மறுத்தால், ஓர் எல்லைக்குள், அதைச் சோதனையிலிருந்து விலக்கிவிடலாம். அது உணவின் குறையாகக் கணக்கில் வராது. நியாயமான விதிதான். நானே புதியவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். விலக்கப்பட்ட பூனை அதன் பிறகு எங்கே போகும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

இந்தப் பூனை போய்விட்டால், கதவு திறக்கும் சத்தத்தை வைத்து வந்தது என் மனைவிதான் என்று தெரிந்துகொள்ளக்கூடிய இன்னோர் உயிர் இந்த வீட்டில் இருக்காது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, ஐஸ் எடுப்பதற்காகக் கொழுந்தியாள் ஃபிரீசரைத் திறந்தாள். பட்டாணிப் பைக்குப் பின்னால் கை விட்டவள் அப்படியே நின்றாள்.

"அத்தான்."

சிவப்பு மூடி. ஒரே ஒரு டப்பா. மருத்துவமனைக்குப் போவதற்கு முன் அவள் சமைத்து வைத்தது.

இருவரும் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். டப்பாவின் மேல் பனி வெளுத்திருந்தது. நான் அதன் எடையைக் கண்ணால் மதிப்பிட்டேன். ஈரப்பதம், புரதம், கொழுப்பு, சாம்பல், டாரின், சில தாதுகள் எல்லாவற்றையும் பார்க்க அது கச்சிதமாகப் போதும். மாதிரியை அரைத்து, எரித்து, கரைத்துத்தான் விடை காண முடியும். ஆய்வுக்குப் பின் எதுவும் மிஞ்சாது. அவள் போட்ட அந்த 'இன்னும் ஏதோ ஒன்று' என்னவென்றும் ஒருவேளை தெரிந்திருக்கும். பூனைக்கோ, அது இரண்டு வேளைச் சாப்பாடு.

அவளுடைய தங்கை வேறொரு கணக்கில் இருந்தாள்.

"பதினாறுக்குள்ள மீன் சமைக்கக்கூடாது."

"ஆமாம்."

"இது சமைக்கிறது இல்ல. சமைச்சாச்சு."

"ஆமாம்."

"சமைச்சவ உசிரோட இருக்கும்போது சமைச்சது. அப்ப தீட்டு ஏது?" சற்று யோசித்தாள். "சூடு பண்றது சமைக்கிறதுல சேருமா அத்தான்? நீங்கதான் படிச்சவரு."

"சேராது" என்றேன். வேதியியல்படி அது முழு உண்மையன்று.

"ஐயரைக் கேட்டா ஏதாவது சொல்லுவாரு. கேக்க வேண்டாம்" என்று முடிவு செய்தாள்.

ஆய்வகத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கினேன்.

மூடியைத் திறந்ததும் வீட்டில் அந்த வாசனை வந்தது. ஒன்பது ஆண்டுகளாகக் காலைகளில் பால்கனிக் கதவின் இடுக்கு வழியாக வந்த வாசனை; நாளிதழுக்குப் பின்னால் நான் முகம் சுளித்த வாசனை. படத்தின் முன் விளக்கு அசையாமல் எரிந்தது. பால்கனியில் பூனை எழுந்து நின்றது.

கரண்டியால் தட்டில் வைத்தேன். அது வந்தது, முகர்ந்தது, என் கையைப் பார்த்தது, பின்வாங்கியது. இன்னொரு முறை வைத்தேன். மீண்டும் அதுவே.

"தள்ளுங்க."

கொழுந்தியாள் வளையலை மேலே ஏற்றிக்கொண்டாள். அவளும் பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டவள் அல்லள். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து விரலையும் டப்பாவுக்குள் விட்டுப் பிசைந்தாள். குந்தி உட்கார்ந்து கையை நீட்டினாள். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே மாதிரிக் கை. கட்டைவிரல் சற்று வெளிப்புறமாக வளைந்திருக்கும். இத்தனை ஆண்டுகளில் நான் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வா... வாங்க" என்றாள். "சாப்பிட வாங்க."

பூனை அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிறகு உண்டது.

உண்ணும் ஓசை மட்டும் கேட்டது. வெளியே மோனோரயில் ஒன்று போனது. தட்டு காலியானதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, மீன் ஒட்டிய கையை முகத்திலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

மறுநாள் டப்பா தீர்ந்தது. அதற்கு மறுநாள் காலை ஸ்டோர் அறையிலிருந்து அடுப்பை எடுத்து வந்தவள் அவள்தான். "அவ ஆரம்பிச்ச வேலை. நடுவுல நிறுத்தினாத்தான் அவளுக்குக் கோவம் வரும்" என்றாள். பதினாறு என்ற பேச்சை எடுக்கவில்லை. நான் பாசாருக்குப் போய், பூனைக்கு என்று சொல்லிக் கெம்போங் மீன் கேட்டேன். மீன்காரர் எதுவும் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மீனைச் சுத்தம் செய்து, வழக்கத்தைவிட நன்றாகச் சுற்றிக் கொடுத்தார்.

கொழுந்தியாள் சமைத்ததில் ஏதோ ஒன்று குறைந்தது. பூனை முன்போல முழுதும் உண்ணவில்லை. ஆனால் உண்டது. டாரின் பொடியை நான் தராசில் நிறுத்துக் கொடுத்தேன். என் பங்கு அதுதான். சில வேளைகளில் நானும் கையால் பிசைந்து நீட்டிப் பார்த்தேன். 'வாங்க' என்று சொல்ல முயன்றேன். அந்தச் சொல் எனக்கு வரவில்லை. அது என் மனைவியின் குரலில்தான் என் காதில் இருந்தது. பூனை என் கையை முகர்ந்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து காத்திருந்தது. "ஒங்க கையில சோப்பு வாசம் அத்தான். அதான்" என்று கொழுந்தியாள் சொன்னாள். ஆறுதலுக்குச் சொன்னது என்று தெரியும்.

காரியம் முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். கொழுந்தியாள் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள்.

"அங்க வீடு பூட்டியே கெடக்கு. போகணும்."

"போய்வா அம்மா."

"இதை என்ன செய்யறது?"

பூனை அவளுடைய பெட்டிக்குள் மடித்து வைத்த புடவைகளின் மேல் படுத்திருந்தது. அவற்றில் இரண்டு என் மனைவியுடையவை. நினைவுக்கு என்று நான்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நான் கேட்டால் விட்டுவிட்டுப் போயிருப்பாள். கேட்டிருந்தால் பூனை மீண்டும் பால்கனியில் போய் உட்கார்ந்திருக்கும்.

"உன்னிடம்தானே சாப்பிடுகிறது" என்றேன். "கொண்டுபோ."

அவள் பூனைக்கு அடியில் கசங்கிய புடவை ஓரத்தை நீவிவிட்டாள். பிறகு, "சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடணும். சாக்கு சொல்லக்கூடாது" என்றாள்.

சனிக்கிழமைகளில் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போகிறேன். அவளுடைய வீட்டுப் பின்புறத்தில் இப்போது ஒற்றை அடுப்பு ஒன்று இருக்கிறது. பூனையின் எடை கூடியிருக்கிறது. நான் போகும்போதெல்லாம் நிறுத்துப் பார்க்கிறேன். மூக்கை மூடிக்கொண்டு சமைக்கும் அவளைப் பார்க்காமல், கூடத்தில் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "சும்மாவே உக்காந்திருக்காரு பாரு" என்று அவள் பூனையிடம் சொல்கிறாள். அடுத்து அவளுடைய அக்கா சொல்லியிருக்கும் சொல் அவளுக்குத் தெரியாது.

வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது பூனை ஓடி வரும். என் காலை முகரும். பிறகு என்னைக் கடந்து கேட் வரை போய், எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கும். நான் கேட்டை உடனே மூடுவதில்லை. அது பார்த்து முடிக்கும் வரை நின்றுகொண்டிருப்பேன்.

இன்னும் செய்யாதவை:

வாங்கி வைத்த மூன்று வகை உணவையும் யாருக்காவது கொடுப்பது.

கொழுந்தியாள் சமைக்கும் மீனில் ஒரு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது.

பூசணியோடு என் மனைவி வேறு என்ன போட்டாள் என்று மீன்காரரிடமோ காய்கறிக் கடையிலோ கேட்டுப் பார்ப்பது.

பால்கனித் தரையில் உள்ள நான்கு தடங்களைத் தேய்ப்பது.

ஃபிரீசரில் காலியாக இருக்கும் சிவப்பு மூடி டப்பாவைக் கழுவுவது. அதன் விளிம்பில் ஒட்டியிருப்பது ஆய்வுக்குப் போதாது.